'லீட்', 'கைட்': எதை எங்கே எழுதுவது?

ஆங்கிலத்தில் எழுதும்போது 'லீட்' (lead) பொருந்துமா, 'கைட்' (guide) பொருந்துமா என்று பலர் தயங்குகிறார்கள். அகராதி ஒன்றுக்கு மற்றொன்றைப் பொருளாகத் தந்துவிடுவதால் அங்கே தெளிவு பிறப்பதில்லை. இரண்டு நாய்களைக் கவனித்தால் பிறக்கிறது.

பனிவண்டி இழுக்கும் நாய்களில் முன்னால் ஓடுவது 'லீட் டாக்'. 1925இல் அலாஸ்காவின் நோம் நகருக்குத் தொண்டை அடைப்பான் நோய்க்கான மருந்து போய்ச் சேர்ந்த கடைசிக் கட்ட ஓட்டத்தில் பால்ட்டோ அந்த இடத்தில்தான் ஓடியது. வண்டியோட்டியின் குரலுக்கு முன்நாய் திரும்பினால், மற்றவை அதைப் பின்பற்றித் திரும்பும். பார்வையற்றவருடன் செல்வதோ 'கைட் டாக்'. அதுவும் சற்று முன்னால்தான் நடக்கிறது. ஆனால் கடைக்குப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்பதை முடிவு செய்பவர், அதன் சேணத்தின் கைப்பிடியைப் பற்றியிருக்கும் மனிதர். வழியில் குறுக்கிடும் பள்ளத்தையும் கம்பத்தையும் அவர் மோதாமல் கடக்கச் செய்வதே நாயின் வேலை. பின்தொடர்பவர் இருந்தால் 'லீட்', பயணம் மற்றவருடையதாக இருந்தால் 'கைட்' என்பதே என் அளவுகோல்.

முனைவர் பட்ட மாணவர்கள் தம் பேராசிரியரை 'என் கைடு' என்பதும், மென்பொருள் நிறுவனத்தில் 'டீம் லீட்' என்பதும் இந்த அளவுகோலுக்கு அழகாகப் பொருந்துகின்றன: ஆய்வு மாணவருடையது, பேராசிரியர் வழி அறிந்தவர், குழுவிலோ பணியின் பொறுப்பை முன்னிற்பவரே ஏற்கிறார். சாலை ஓர் ஊருக்கு 'லீட்' செய்யும், புகைப்பழக்கம் நோய்க்கு 'லீட்' செய்யும். இவ்விடங்களில் 'கைட்' பிழை. வரைபடமும் விண்மீனும் 'கைட்' செய்யும், ஏனெனில் பார்த்து நடப்பவர் நாமே.

உடன் வராமல் வழி மட்டும் சொன்னால் 'டைரக்ட்' (direct). பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் எதிர்ப்பட்ட பாணனுக்கு வள்ளலின் ஊர்வழியைச் சொல்லும் நம் ஆற்றுப்படை, என் பார்வையில், இதற்கே நெருக்கமானது. 'ஸ்டியர்' (steer) என்பதில் திருப்பும் கை மட்டுமே முக்கியம். படகுக்கு விருப்பம் கிடையாது.

வேலைக்கான விண்ணப்பத்தில் 'ஐந்து பேர் கொண்ட குழுவை நடத்தினேன்' என்பதற்கு 'கைட்' என்று எழுதினால் பொறுப்பு பிறருடையதாகிவிடும். 'லீட்' என்பதன் இறந்தகாலமான 'லெட்' (led) என்றே எழுத வேண்டும். அதில் 'a' என்ற எழுத்து வராது. வந்தால், அதே ஒலியுடன் ஈயத்தைக் குறிக்கும் 'lead' என்ற சொல்லாகிவிடும்.