என் கிராபிக்ஸ் கார்டு எதுவென்று கேட்டுத் தெரிந்துகொண்டே 4கே மானிட்டரைத் தலையில் கட்டினார்கள்: வாங்கப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

ஒன்றரை மாதச் சம்பளம். அவ்வளவும் இப்போது என் மேசை மேல் ஒரு மானிட்டராக நிற்கிறது. அதில் என் கணினியால் ஒரு கேமைக்கூட உருப்படியாக ஓட்ட முடியவில்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் ஆள் இல்லை. “பொருளில் குறை எதுவும் இல்லை” என்ற அதே பதில் இன்று மாலையும் வந்தது. வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். இதே பேச்சை நம்பி இந்நேரம் வேறு யாராவது பணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கண்ணில் இது பட வேண்டும். வாங்கும்முன் என்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

வாங்கிய இடம், எல்லாப் பொருளும் விற்கும் பெரிய இணையச் சந்தை ஒன்று. அதற்குள் கணினிச் சாமான்கள் மட்டும் விற்கும் ஒரு விற்பனையாளர். பொருளின் படத்துக்குக் கீழேயே “நிபுணரிடம் கேளுங்கள்” என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டு வாங்குவதுதான் முறை என்று நானும் கேட்டேன்.

என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி ரேம், 6 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. பிராசஸரும் கார்டும் 2019-இல் வந்தவை. 1920 × 1080 திரைக்கு இன்றைக்கும் போதுமானவை. பழைய மானிட்டர் 24 அங்குலம், 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 முறை படத்தை மாற்றும். 27 அங்குலத்தில், 144 ஹெர்ட்ஸில் ஒன்று வாங்கலாம் என்று நினைத்தேன். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கார்டுக்கு 1440 (2560 × 1440 திரை) வாங்குவதா, 4கே (3840 × 2160 திரை) வாங்குவதா?

அந்த ஆள் எவ்வளவு அக்கறையாகப் பேசினார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கார்டின் பெயரைக் கேட்டார், சொன்னேன். பிராசஸரைக் கேட்டார், சொன்னேன். “கார்டின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா சார், என்னென்ன போர்ட் இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்” என்றார். கேபினெட்டை வெளியே இழுத்து, டார்ச் அடித்துப் படம் எடுத்து அனுப்பினேன். ஒரு டிவிஐ, ஒரு எச்டிஎம்ஐ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட். மூன்றும் தெளிவாகத் தெரிகிற படம். வாங்குகிறவன் இதற்கு மேல் என்ன விவரம் கொடுக்க முடியும்?

“உங்கள் கார்டில் எல்லா போர்ட்டும் இருக்கிறது சார். 4கே 144 தாராளமாக ஓடும். 1440 வாங்கினால் ஒரே வருடத்தில் மாற்றத் தோன்றும். நானே வீட்டில் இதைத்தான் வைத்திருக்கிறேன்” என்று பதில் வந்தது.

நான் அப்போதும் விடவில்லை. “டெஸ்க்டாப் தெரிவதைக் கேட்கவில்லை. கேம் ஓடுமா?” என்று தனியாகக் கேட்டேன். “கேமைத்தான் சார் சொல்கிறேன். டிஎல்எஸ்எஸ் போட்டுக்கொண்டால் நொடிக்கு நூறு பிரேமுக்கு மேல் வரும்” என்றார். டிஎல்எஸ்எஸ் என்பது படத்தைச் சிறிய அளவில் வரைந்து பெரிதாக்கிக் காட்டி வேகத்தைக் கூட்டும் என்விடியாவின் வசதி. என் கார்டைப் பார்த்துவிட்டு, படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, நிபுணர் என்ற பட்டத்தைப் பெயருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் இப்படிச் சொல்கிறார். வீட்டிலேயே வைத்திருக்கிறேன் என்றும் சொல்கிறார். ஒன்றரை மாதச் சம்பளத்தை அன்றிரவே கட்டினேன்.

பெட்டி வந்தது. உள்ளே எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றுதான். மாட்டினால் விண்டோஸில் 60 ஹெர்ட்ஸுக்கு மேல் தேர்வே வரவில்லை. பெட்டி மேல் எச்டிஎம்ஐ 2.1 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. 2.1 என்றால் நொடிக்கு 48 ஜிகாபிட் வரை போகலாம். ஆனால் என் கார்டில் இருப்பது 2.0. அதன் எல்லை 18 ஜிகாபிட், அதாவது 4கே-யில் 60 ஹெர்ட்ஸ். இரண்டு பக்கமும் 2.1 இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். பின்பக்கத்தைப் படம் எடுத்து வாங்கிக்கொண்டவருக்கு இது தெரியாதா? டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை என் கைக்காசில் தனியாக வாங்கினேன். 144 வந்தது, ஆனால் டெஸ்க்டாப்பில் மட்டும்.

கேமைத் திறந்தேன். பழைய திரையில் எழுபது பிரேமுக்குக் குறையாமல் ஓடிய அதே கேம், அதே செட்டிங்ஸ். இங்கே இருபத்தைந்தைத் தாண்டவில்லை. கதாபாத்திரத்தைத் திருப்பினால் திரை ஒரு கணம் உறைந்து நின்று, பிறகு குதிக்கிறது. மூலையில் கார்டின் நினைவகக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 6 ஜிபியும் விளிம்புவரை நிரம்பியிருந்தது. செட்டிங்ஸை எல்லாம் அடிமட்டத்துக்கு இறக்கினேன். மரங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவையாக மாறியதுதான் மிச்சம், வேகம் வரவில்லை.

இது என் கணினிக்கு மட்டும் வந்த கோளாறு இல்லை. கணக்கைப் பாருங்கள். 1920 × 1080 திரையில் 20,73,600 பிக்சல்கள். 2560 × 1440 திரையில் 36,86,400. 3840 × 2160 என்கிற 4கே-யில் 82,94,400. பழைய திரையைப்போல் சரியாக நான்கு மடங்கு. 144 பிரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்தையும் கார்டு ஏழு மில்லி நொடிக்குள் வரைந்து முடிக்க வேண்டும். முன்பே எழுபதில் நின்ற கார்டு, நான்கு மடங்கு பிக்சலை அதில் பாதி நேரத்தில் எங்கிருந்து வரையும்? ரெசல்யூஷன் கூடும்போது சுமை முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில்தான் விழுகிறது. பிராசஸர் எத்தனை நல்லதாக இருந்தாலும் அங்கே கைகொடுக்காது. கணினிச் சாமான் விற்றுப் பிழைக்கிறவருக்கு இது அரிச்சுவடி. தெரியாமல் சொன்னார் என்பதை நான் நம்பவே மாட்டேன்.

அந்த டிஎல்எஸ்எஸ் பேச்சுதான் என்னை இன்னும் கொதிக்க வைக்கிறது. அது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசைக் கார்டுகளில் மட்டும் உள்ள வசதி. என்னுடையது ஜிடிஎக்ஸ். கேமின் மெனுவில் அந்தத் தேர்வு சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட முடியாது. கார்டின் பெயரைத் தட்டச்சு செய்து கொடுத்தவனிடமே, அந்தக் கார்டில் இல்லாத ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இதேபோன்ற வசதியான ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் என் கார்டில் வேலை செய்யும். அதையும் போட்டேன். ‘பெர்ஃபார்மன்ஸ்’ நிலையில் அது உள்ளே 1080-இல் வரைந்து 4கே-க்கு இழுத்துக் காட்டுகிறது. அப்போதும் நாற்பதைத் தொடுவதே பெரும்பாடு. இலைகளும் கம்பிவேலியும் ஓயாமல் மினுமினுக்கின்றன.

போகட்டும், 1080-இலேயே வைத்து ஓட்டலாம் என்றால் மானிட்டர் அதை மெழுகிக் காட்டுகிறது. எழுத்துகளின் ஓரமெல்லாம் மங்கல். டிரைவரில், அதாவது கார்டை இயக்கும் மென்பொருளில், முழு எண் மடங்காகப் பெரிதாக்கும் வசதி இருக்கிறது. அதைப் போட்டால் மங்கல் போய்விடும். ஆனால் 27 அங்குலத்தில் 1080 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 பிக்சல். பழைய 24 அங்குலத் திரையில் 92 இருந்தது. ஒன்றரை மாதச் சம்பளம் கொடுத்து, முன்பு இருந்ததைவிடச் சொரசொரப்பான படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி அவர்கள் என்னைத் துரத்தியடித்த கதை. அதே நிபுணர் முதலில் டிரைவரைப் புதுப்பிக்கச் சொன்னார். புதுப்பித்தேன். செட்டிங்ஸைக் குறைக்கச் சொன்னார். குறைத்த திரையைப் படம் எடுத்து அனுப்பினேன். டிஎல்எஸ்எஸ் என் கார்டிலேயே இல்லையே என்று கேட்டதும் வெகுநேரம் பதில் இல்லை. பிறகு ஓர் இணைப்பு வந்தது. திறந்தால், மானிட்டரைவிட விலை அதிகமான ஒரு கிராபிக்ஸ் கார்டு! “இதை மாற்றிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது சார்” என்று கீழே ஒரு வரி. தாராளமாக ஓடும் என்று சொன்ன வாயால், கூசாமல், புதுக் கார்டு வாங்கச் சொல்கிறார். அதற்கு மேல் அந்த ஆளிடம் பேசுவதற்கு எனக்கு மனமில்லை.

இணையச் சந்தையின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். திருப்பி அனுப்பக் காரணம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். உடைந்திருக்கிறது, வேறு பொருள் வந்தது, பாகம் குறைகிறது, மனம் மாறிவிட்டது. இவ்வளவுதான் பட்டியல். பொய் சொல்லி விற்றார்கள் என்பதற்கு அதில் இடமே இல்லை. மனம் மாறிவிட்டது என்பதைத் தொட்டால் “பெட்டி திறக்கப்பட்ட பொருளைத் திரும்பப் பெற இயலாது” என்று வருகிறது. பெட்டியைத் திறக்காமல் மானிட்டரை எப்படி ஐயா ஓட்டிப் பார்ப்பது?

தொலைபேசியில் விடாமல் பேசியதில் ஒரு பணியாளரை அனுப்பினார்கள். வந்தவர் திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணங்களை ஓடவிட்டு, செத்த பிக்சல் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. “திரை நன்றாக இருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்து கேட்டார். கேமைத் திறந்து காட்டுகிறேன், இரண்டு நிமிடம் பாருங்கள் என்றேன். அது தன் வேலையில் வராது என்று சொல்லிவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை எதைப் பார்க்க அனுப்பினார்களோ அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது அவர்களுக்கு ஆயுதம். “எங்கள் பணியாளர் ஆய்வு செய்துவிட்டார், பொருளில் குறை இல்லை, வேண்டுமானால் இதே மாடலில் வேறொன்று மாற்றித் தருகிறோம்” என்கிறார்கள். இதே மாடலில் இன்னொன்று வந்தால் என் கார்டுக்கு வேகம் கூடிவிடுமா? திரையில் குறை என்று நான் எப்போது சொன்னேன்? விற்கும்போது கொடுத்த வாக்கு பொய் என்றுதான் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த உரையாடல் தங்கள் பதிவில் இல்லை என்றார்கள். நான் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்களை அனுப்பினேன். உடனே பேச்சு மாறியது: “விற்பனையாளர் தருவது பொதுவான தகவல் மட்டுமே, அதற்குத் தளம் பொறுப்பேற்காது.” நிபுணர் பொத்தானை வைத்தது யார்? அந்தப் பட்டத்தை அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டியது யார்? இதற்கு இன்றுவரை பதில் இல்லை. புகாரை முடித்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்திருக்கிறது.

சரி, சொல்கிறேன் என்று சொன்னவை. முழுதாக விளக்கும் பொறுமை இப்போது எனக்கு இல்லை.

என்விடியா கார்டு வைத்திருப்பவர்கள் பணம் கட்டும்முன் இதை மட்டுமாவது செய்யுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் 3டி செட்டிங்ஸுக்குள் டிஎஸ்ஆர் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் திரை 1080 என்றால் அதில் 4.00 மடங்கைத் தேர்ந்தெடுங்கள். பிறகு கேமுக்குள் போய் ரெசல்யூஷனை 3840 × 2160 ஆக்குங்கள். திரை பழையதுதான், ஆனால் கார்டு 4கே-க்கான வேலை முழுவதையும் செய்யும். 4கே மானிட்டர் வாங்கினால் என்ன பிரேம் வருமோ, கிட்டத்தட்ட அதுவே அங்கே தெரிந்துவிடும். 1440-க்கு 1.78 மடங்கு. ஏஎம்டி கார்டுகளில் இதையே விஎஸ்ஆர் என்பார்கள். காசு செலவில்லாத சோதனை. அந்த நிபுணர் எனக்கு இந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் என் ஒன்றரை மாதச் சம்பளம் என் கையில் இருந்திருக்கும்.

6 ஜிபி கார்டு வைத்துக்கொண்டு புதிய பெரிய கேம்கள் ஆடுகிறவர்கள் 4கே பக்கம் போகவே வேண்டாம். 24 அங்குலத்தில் 1080, அதிக ஹெர்ட்ஸ், அதுதான் பொருந்தும். கார்டு அதைவிட ஒரு படி மேலே என்றால் 27 அங்குலத்தில் 1440.

பெட்டி மேலுள்ள எச்டிஎம்ஐ எண்ணை நம்பாதீர்கள். 2.0 அளவு வேகம் மட்டுமே உள்ளதையும் 2.1 என்று அச்சிட விதியில் இடமிருக்கிறது. எத்தனை ஹெர்ட்ஸ் எந்த போர்ட்டில் வரும், எந்த கேபிள் பெட்டியில் இருக்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

“மாற்றித் தரப்படும்” என்று மட்டும் போட்டிருந்தால் பணம் திரும்ப வராது என்று பொருள். அந்த இடத்தில் வாங்காதீர்கள். விற்பனையாளரோடு பேசுவதைப் பேசும்போதே படம் எடுத்து வையுங்கள், பிறகு அவர்கள் பக்கத்தில் அது காணாமல் போகும். யாராவது ஆய்வுக்கு வந்தால், உங்கள் புகார் என்ன என்பதை அந்தத் தாளிலேயே உங்கள் கையால் எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.