கேமராவுக்கு ஐந்து, எஸ்டிமேட்டுக்கு இரண்டு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீடு 1974ல் கட்டியது. சென்னையின் குடிநீரையும் சாக்கடையையும் கவனிக்கும் மெட்ரோ வாட்டர் வாரியம் வந்ததே 1978ல்தான். ஆக, மண்ணுக்கடியில் போகும் எங்கள் சாக்கடைக் குழாய் வாரியத்துக்கே நாலு வருஷம் மூத்தது. வீட்டுப் பின்பக்கச் சேம்பரிலிருந்து (மூடி போட்ட சாக்கடைத் தொட்டி) கேட் ஓரச் சேம்பர் வரை 42 அடி, எல்லாம் ஆறு இஞ்ச் ஸ்டோன்வேர், அதாவது சுட்ட களிமண் குழாய். இரண்டடிக்கு ஒரு ஜாயிண்ட். அந்தக் காலத்தில் தார் தோய்த்த சணலைச் சுற்றி மேலே சிமெண்ட் பூசி விடுவார்கள். இருபது ஜாயிண்ட் இருந்தால் வேர் நுழைய இருபது வாசல்.

மாடியில் குடித்தனக்காரர் வாஷிங் மெஷினைப் போட்டால், கீழே மாமியார் குளியலறையில் தண்ணீர் வடியும் நானி டிராப்பில் நுரை பொங்கும். ஒரு கம்மோடு மட்டும் அடைத்தால் அந்தக் கிளைக்குழாயோடு போச்சு. மேலே விட்ட தண்ணீர் கீழே வந்து எட்டிப் பார்த்தால் கோளாறு மெயின் லைனில். இது எனக்குப் புரிய ஒரு வருஷமும் மூன்று பிளம்பரும் ஆனார்கள்.

முதல் ஆள் மூங்கில் பிளாச்சு விட்டுக் குத்தினார். ஒரு மாதம் ஓடியது. இரண்டாமவர் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை எடுக்கும் தனியார் ஜெட் வண்டியைக் கூட்டி வந்தார், இரண்டு மாதம் ஓடியது. மூன்றாமவர் கூடவே ஒரு பையனைக் கூட்டி வந்து, "தெரு மேன்ஹோல்ல இவனை இறக்கினா சரியாயிடும் மேடம்" என்றார். அன்றைக்கு அவருக்குக் காபி கூடக் கொடுக்கவில்லை. பாதுகாப்புக் கவசம் எதுவும் இல்லாமல் மேன்ஹோலில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யக்கூடாது என்று 2013லேயே சட்டம் வந்தாயிற்று. போதாததற்கு, தெரு மேன்ஹோலுக்கும் எங்கள் அடைப்புக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு மூடியையும் திறந்து பார்த்தால் போதும்: பின்பக்கச் சேம்பர் வாய்வரை நிரம்பி நிற்கிறது, கேட் ஓரச் சேம்பர் காய்ந்து கிடக்கிறது. அடைப்பு நடுவில். கேட் சேம்பரும் நிரம்பியிருந்தால் மெட்ரோ வாட்டருக்குப் போன் போட வேண்டிய கேஸ்.

அப்புறம்தான் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஒரு கம்பெனியைப் பிடித்தேன். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். இரண்டு தம்பிகள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். அதுவே பாதி மார்க். போனில் 4,500 என்றார்கள். வந்த பிறகு, "லைன்ல தண்ணி நின்னா கேமராவுக்கு ஒண்ணும் தெரியாது, ஜெட் அடிச்சு காலி பண்ணணும்" என்று இன்னொரு 2,000. காரணம் நியாயமானது. போனிலேயே சொல்லியிருக்கலாம்.

கேமரா என்பது கட்டைவிரல் பருமனில் ஒரு உருளை, முகத்தைச் சுற்றிச் சின்னச் சின்ன விளக்கு. பின்னால் வளையும் ஆனால் மடங்காத கம்பி, சக்கரத்தில் சுற்றியிருக்கிறது. எத்தனை அடி உள்ளே போயிருக்கிறது என்று திரையின் மூலையில் எண் ஓடுகிறது. முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பத்தடி வரை பழுப்புச் சுவர், ஓரிரு கரப்பான். பத்தொன்பதாவது அடியில் ஜாயிண்டிலிருந்து சவுரி மாதிரி ஒரு கொத்து தொங்கியது. மாமனார் நட்ட வேப்பமரத்தின் வேர். ஜெட் அடித்தும் போகாமல், மாவுச் சல்லடை மாதிரி எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது. 27ல் கேமரா தண்ணீருக்குள் முங்கி, 31ல் வெளியே வந்தது. நாலடி நீளத்துக்குக் குழாய் தொய்ந்து கிடக்கிறது. அதற்கப்புறம் கேட் வரை சுத்தம்.

கேமராத் தலையிலிருந்து சிக்னல் வருமாம். மேலே ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நேர் மேலே வரும்போது கத்துகிறது. குறிக்கச் சாக்பீஸ் இல்லை என்றார்கள். கோலமாவு கொடுத்தேன், சிமெண்ட் தரையில் பெருக்கல் குறி போட்டார்கள். மறுநாள் காலை வேலை செய்யும் அம்மா சுத்தமாகப் பெருக்கித் தள்ளிவிட்டார். நல்லவேளை, அடிக்கணக்கை எழுதி வைத்திருந்தேன். சேம்பரிலிருந்து டேப் வைத்து அளந்தே தோண்டினோம், ஒரு சாண் கூடத் தப்பவில்லை.

இதுவரை ஐந்து நட்சத்திரம். அடுத்த நாள் எஸ்டிமேட் வந்தது: 42 அடியும் மாற்ற 1,60,000. "பழைய லைன் மேடம், இன்னிக்கு இங்க, நாளைக்கு அங்க." அவர்களே எடுத்த படத்தில் 31க்கு அப்பால் ஒரு கீறல் இல்லை, அதையும் ஏன் உடைக்க வேண்டும் என்று கேட்டேன். பதில் வரவில்லை, பத்து சதவீதம் தள்ளுபடி வந்தது. பார்க்கிறவரே உடைக்கிறவராகவும் இருந்தால் இப்படித்தான். பணம் கொடுக்கும் முன்பே வீடியோவைப் பென்டிரைவில் வாங்கியிருந்தேன், அது காப்பாற்றியது.

எங்கள் கொத்தனாரும் அவருக்குத் தெரிந்த பிளம்பரும் வீடியோவைப் பார்த்துவிட்டு 18லிருந்து 32 வரை மட்டும் தோண்டினார்கள். மூன்றரை அடி ஆழம், இரண்டு நாள் வேலை. மணல் மெத்தை போட்டு, 160 எம்.எம். பி.வி.சி. இறக்கினார்கள். ஆறு இஞ்ச் குழாய்க்கு அறுபது அடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும். பதினாலு அடிக்கு மூன்று இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மி. கொத்தனார் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்துப் பார்த்த பிறகே மண்ணைத் தள்ள விட்டார். பழைய ஸ்டோன்வேரும் பி.வி.சி.யும் சேரும் இடத்தில் பிளம்பர் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு வந்தார். பி.வி.சி.யில் சிமெண்ட் ஒட்டாது, திரும்ப அதே இடத்தில் வேர் நுழையும் என்று சண்டை போட்டு, இரண்டு குழாயையும் இறுக்கிச் சேர்க்கும், ஸ்டீல் கிளாம்ப் வைத்த ரப்பர் கப்ளிங் வாங்கி வரச் செய்தேன். எல்லாம் சேர்ந்து 38,000.

மூடும் முன் கொத்தனார் ஒரு காரியம் செய்தார். கேட் சேம்பருக்குள் டார்ச்சை வைத்துவிட்டு, பின்பக்கச் சேம்பரில் என் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தார். "வட்டமா தெரியுதா பாருங்கம்மா, பிறை மாதிரி தெரிஞ்சா குழாய் கோணல்." முழு வட்டம் தெரிந்தது. அந்தக் கண்ணாடியை இப்போது அவரிடமே கொடுத்துவிட்டேன்.

வேப்பமரத்தை வெட்டவில்லை. மீதி ஸ்டோன்வேர் ஜாயிண்டுகளில் வேர் என்றைக்காவது வரும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதே கேமராத் தம்பிகளைத்தான் கூப்பிடுவேன். 4,500ஆ 6,500ஆ என்று போனிலேயே கேட்டுக்கொண்டு, எஸ்டிமேட் வேண்டாம் என்றும் முன்னாடியே சொல்லிவிட்டு.