பிளாஸ்டிக் சாக்ஸபோன் வாங்கப் போறீங்களா? காட்டுற பீஸ் வேற, கட்டிக் குடுக்குற பீஸ் வேற

கன்னியாகுமரி ஜில்லாவுல களியக்காவிளை, மார்த்தாண்டம், கொல்லங்கோடு சைடுல சர்ச் கொயருக்கோ (பாட்டுக் குழு) பேண்டு செட்டுக்கோ பிள்ளைகளுக்கு சாக்ஸபோன் (சுருக்கமா சாக்ஸ்) வாங்கணும்னு காசு சேத்து வச்சிருக்கவங்க, குறிப்பா அந்த வெள்ளை கலர் பிளாஸ்டிக் ஆல்டோ (நடுத்தர சைஸ் சாக்ஸ்) மேல கண்ணு வச்சிருக்கவங்க, இத முழுசா படிச்சிட்டு அப்புறமா கேரளா பார்டர் தாண்டுங்க. கடை பேர் போடல. கம்ப்ளெயின்ட் குடுத்து நடந்துகிட்டு இருக்கு, பேர் போட்டா அவன் நம்ம மேல திருப்பிக் கேஸ் குடுப்பான்னு வக்கீல் சொல்லிட்டாரு. கேரளா பக்கம் உள்ள ஒரு மியூசிக் கடை, அவ்வளவுதான்.

அக்கா மவன் பிளஸ் ஒன் படிக்கான், கீபோர்டு நல்லா வாசிப்பான், கோயில் கொயர்ல இருக்கான். போன பங்குத் திருவிழா தேர்ப்பவனிக்கு பாறசாலைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த பேண்டு செட்ல ஒருத்தன் வெள்ளை சாக்ஸ் ஒண்ண கழுத்துல மாட்டிட்டு மழையில நனைஞ்சுகிட்டே வாசிச்சான், அன்னைக்கு புடிச்ச பைத்தியம் இவனுக்கு. அத்தான் குவைத்துல இருக்காரு, மவன் கேட்டா மறுபேச்சு கிடையாது. நான் பல வருஷமா கிளாரினெட் வாசிக்கிறவன், அதனால கூட்டிட்டுப் போற பொறுப்பு என் தலையில.

பிளாஸ்டிக்னு சொன்ன உடனே சிரிக்காதீங்க. நம்ம ஊருக்கு அதுல ஒரு நியாயம் இருக்கு. பித்தளை ஆல்டோ ரெண்டரை கிலோ கிட்ட வரும், தேர் சுத்தி வந்து முடியுறதுக்குள்ள கழுத்து கழண்டுரும், ரெண்டு பருவமழையும் பெய்யுற ஜில்லா வேற, துளைய மூடுற தோல் பேடு ஈரத்துல ஊதிப்போயி ஒழுங்கா மூடாது, கடக்கரை ஊர்ல இருக்கவங்களுக்கு பித்தளை மேல பூசுன லாக்கர் உரிஞ்ச எடமெல்லாம் பச்சை புடிச்சிரும். தாய்லாந்துல விப்ராட்டோன்னு ஒரு கம்பெனி பாலிகார்பனேட்ல ஆல்டோ செஞ்சு விக்க ஆரம்பிச்சான், ஒரு கிலோ கூட வராது, பேடு சிலிக்கான், தண்ணிக்கு பயப்பட வேண்டாம். விலையும் யமஹா மாதிரி இல்ல, யமஹால ஆரம்ப மாடலே லட்சத்தத் தாண்டிரும். அதனால பிளாஸ்டிக் பாக்கலாம்னு போனதுல தப்பே இல்ல, இப்பவும் அதத்தான் சொல்லுவேன்.

கடையில கண்ணாடி அலமாரிக்குள்ள ஒரு வெள்ளை ஆல்டோ வச்சிருந்தான், அது அந்த தாய்லாந்து பீஸ்தான், கம்பெனி பேர் தெளிவா இருந்துச்சு. எடுத்துக் குடுத்தான், வாயில வச்சு ஊதுற ஆல்டோ மவுத்பீஸ் ஒண்ண நான் கொண்டு போயிருந்தேன், அத மாட்டி மேல இருந்து கடைசிக் கீழ் சுரமான பி பிளாட் வரைக்கும் எறங்கிப் பாத்தேன், எல்லாம் வந்துச்சு. பெருசா ருசியான சத்தம்னு சொல்ல மாட்டேன், கீழ ஸ்தாயி கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு, ஆனா சுதி நின்னுச்சு, படிக்கிற பிள்ளைக்கு போதும்னு அப்ப தோணுச்சு. கடைக்காரன் ஒரு பக்கம் பேசிகிட்டே இருந்தான், "எந்தா சாரே, சார்லி பார்க்கரே பிளாஸ்டிக் சாக்ஸ்தான் வாசிச்சிருக்காரு, பின்ன என்ன பயம்". பார்க்கர் பெரிய அமெரிக்க ஜாஸ் சாக்ஸ்காரரு, அவன் சொன்னதும் பொய் இல்ல. லண்டன்ல 1950-ல கிராஃப்டன்னு ஒரு அக்ரிலிக் ஆல்டோ வந்துச்சு, 1953 மே மாசம் டொரன்டோ மாஸி ஹால் கச்சேரில பார்க்கர் வாசிச்சது அதுதான், அந்த சாக்ஸ 1994-ல லண்டன் கிறிஸ்டீஸ் ஏலக் கம்பெனில ஏலம் விட்டப்ப 93,500 பவுண்டுக்கு போச்சு. ஆனா கடைக்காரன் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு, அத பின்னால சொல்றேன்.

விலை 18,500 பேசி முடிச்சோம். காட்டுன பீஸையே குடுங்கன்னு கேட்டேன், "இது டிஸ்பிளே பீஸாக்கும், பத்து பேரு வாய் வச்சது, உங்களுக்கு புது பாக்ஸ் தாரேன், ரெண்டும் ஒண்ணுதான்"னான். பெட்டி சீல் போட்டு இருந்துச்சு, மேல அதே போட்டோ. திறந்து காட்டச் சொன்னதுக்கு, வாயில வைக்கிற சாமான், சீல் உடைச்சா வேற யாருக்கும் விக்க முடியாது, பணம் கட்டிட்டு நீங்களே உடைங்கன்னான். பணம் கட்டுன பொறவு கவுண்டர்ல கூட்டம், பையன் துள்ளிக் குதிக்கான், கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, இப்படித்தான் எல்லாருக்கும் நடக்கும், அவனுக வியாபாரமே அதுல தான் ஓடுது.

வீட்டுல திறந்தா, பாக்குறதுக்கு அதே வெள்ளை. கையில எடுத்தாதான் தெரியுது. கம்பெனி பேர் எங்கயும் இல்ல, பெல் ஓரத்துல ஒரு ஸ்டிக்கர், அதுல ஆல்டோ சாக்ஸ்னு மட்டும். உடம்பு ரெண்டு பாதியா வார்த்து ஒட்டுனது, அந்த அச்சு சேர்ற கோடு கழுத்துல இருந்து அடி வரைக்கும் நகத்துல நெருடுது. அந்த கோடு ஒவ்வொரு துளையோட விளிம்புலயும் ஒரு சின்ன மேடா நிக்குது பாருங்க, அங்கதான் பிரச்சினையே. பேடு உக்கார்ற விளிம்பு கண்ணாடி மாதிரி சமமா இருக்கணும், அதுல முடி அளவு மேடு இருந்தாலும் காத்து போயிரும். பையன் மேல ஜி, ஏ, பி வாசிச்சான், வந்துச்சு, சந்தோஷப்பட்டான். டி-க்கு கீழ எறங்குனா சத்தம் குளறுது, கீழ் சி அமுக்குனா தானா மேல் ஸ்தாயிக்கு ஓடுது, பி-யும் பி பிளாட்டும் வரவே இல்ல. போன்ல டியூனர் போட்டு மவுத்பீஸ உள்ள தள்ளி வெளிய இழுத்து ஆல்டோ எஃப் ஷார்ப்ப (அது டியூனர்ல ஏ-ன்னு தான் விழும்) ஏ 440-க்கு கொண்டு வந்து நிறுத்துனா மேல் டி கால் சுரம் கிட்ட ஏறி நிக்குது, டி-ய சரி பண்ணுனா நடு ஸ்தாயி எறங்கிருது. உதட்டால புடிச்சு சரி பண்ணலாம்னு சொல்றவங்க, படிக்க ஆரம்பிச்ச பிள்ளை எப்படிப் புடிக்கும்னும் சொல்லுங்க.

காத்து எங்க போகுதுன்னு பாக்க சாக்ஸ்காரங்க ராத்திரி லைட்ட அணைச்சிட்டு எல்ஈடி சரத்த குழலுக்குள்ள எறக்கி பேடு ஓரத்துல வெளிச்சம் கசியுதான்னு பாப்பாங்க. இதுல அது நடக்கல, ஏன்னா பிளாஸ்டிக் மெலிசு, லைட்ட உள்ள விட்ட உடனே சாக்ஸ் முழுசும் ஸ்டார் விளக்கு கணக்கா எரியுது, எங்கன்னு பாக்க? பையன் அத போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சான், அது வேற கதை. அப்புறம் சிகரெட் பேப்பர ஒல்லியா வெட்டி ஒவ்வொரு பேடுக்கு அடியிலயும் வச்சு மூடி இழுத்துப் பாத்தேன். பேப்பர் கொஞ்சம் புடிச்சு புடிச்சு வரணும். கீழ இருக்கிற பெரிய பேடு எல்லாத்துலயும் ஒரு பக்கம் புடிக்கு, எதுத்த பக்கம் சும்மா உருவிகிட்டு வருது.

நாகர்கோவில்ல கிளாரினெட், சாக்ஸ், ஆர்மோனியம்னு எல்லாத்துக்கும் வேலை பாக்குற ஆசான் ஒருத்தர் கிட்ட கொண்டு போனேன். எடுத்துப் பாத்துட்டு, "இது என்னடே, தீ காட்டுனா உருகிரும், வளைச்சா ஒடிஞ்சிரும், நான் எதால ரிப்பேர் பண்ண"ன்னாரு. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. பித்தளை சாக்ஸ்ல பேடு ஒழுங்கா உக்காரலன்னா பேடு இருக்கிற கீ கப்ப சூடு பண்ணி உள்ள இருக்கிற அரக்க இளக்கி பேட நகத்தி உக்கார வைப்பாங்க, கீயோட கம்பிக் கை கொஞ்சம் கோணியிருந்தா வளைச்சு நேராக்குவாங்க. பிளாஸ்டிக்ல ரெண்டுக்கும் வழி இல்ல. இன்னொண்ணும் காட்டுனாரு, கீழ் பி, பி பிளாட் கீயோட கம்பி நீளமானது, இந்த முனையில விரல் அமுக்குனா அந்த முனையில பேடு மூடணும், கம்பியே பிளாஸ்டிக்னா நடுவுல முறுக்கிக்கும், நீங்க என்னதான் அமுக்குனாலும் அங்க முழு அழுத்தம் போய்ச் சேராது. காட்டுறதுக்காக மெதுவாத்தான் அமுக்குனாரு, ஒரு பக்க கீ படக்குன்னு கையோட வந்துருச்சு. அவர் காசு எதுவும் வாங்கல.

இப்ப கிராஃப்டன் விஷயத்துக்கு வாறேன். அதுல உடம்புதான் அக்ரிலிக், கீ எல்லாம் உலோகம். அப்படி இருந்தும் கீழ விழுந்தா வெடிக்கும், ஸ்பிரிங் எல்லாம் வேற மாதிரி, ரிப்பேர் பண்ண ஆள் கிடைக்காம அறுபதுகளோட அதோட கதையும் முடிஞ்சுது. இத கடைக்காரன் சொல்ல மாட்டான். எனக்க கிளாரினெட்டே ஏபிஎஸ் பிளாஸ்டிக் தான், பள்ளிக்கூட பேண்டுல முக்காவாசி அதுதான், எத்தனையோ மழை பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல, ஏன்னா அதுலயும் கீ உலோகம். சத்தம் முக்கால்வாசியும் ரீடு (ஊதுனா அதிர்ற நாணல் பட்டை), மவுத்பீஸ், உள்ள இருக்கிற குழலோட அளவு, காத்து கசியாம இருக்கிறது, இதுலதான் இருக்கு. பித்தளை சாக்ஸ்ல கூட மவுத்பீஸ் பெரும்பாலும் எபோனைட்டோ (கடின ரப்பர்) பிளாஸ்டிக்கோ தானே. அதனால பிளாஸ்டிக்க திட்டுறதுல அர்த்தமில்ல. கச்சிதமா செஞ்ச பிளாஸ்டிக் சாக்ஸ் வாசிக்கலாம், ஆனா கெட்டா ஒக்கிட இங்க ஆள் இல்ல, பேடும் ஸ்பிரிங்கும் கம்பெனில இருந்துதான் வரணும்னு தெரிஞ்சு வாங்கணும். மழைக்கும் பவனிக்கும் ரெண்டாவது சாக்ஸா வச்சுக்கறவங்களுக்கு சரி. ஒண்ணே ஒண்ணு வாங்கி அதுல படிக்கணும்கிற பிள்ளைக்கு வேண்டாம், அதுலயும் சாக்ஸ்ல கர்நாடக சங்கீதம் வாசிச்ச கத்ரி கோபால்நாத் மாதிரி சுரத்த அசைச்சு கமகம் போட்டு வாசிக்கணும்னு ஆசை இருந்தா கண்டிப்பா வேண்டாம், காத்து ஒழுகுற குழல்ல கமகம் எங்க இருந்து வரும்.

திருப்பிக் குடுக்கப் போனோம். அதுவரைக்கும் "சாரே சாரே"ன்னவன் முகமே வேற. சீல் உடைச்சாச்சு, கீ ஒடிஞ்சிருக்கு, நீங்க கீழ போட்டுட்டீங்கன்னான். டிஸ்பிளே பீஸும் இதுவும் வேற வேறன்னு ரெண்டையும் பக்கத்துல வச்சு காட்டுனேன், அச்சு கோட்ட அவன் விரலையே புடிச்சு தடவிக் காட்டுனேன், "பேட்ச் மாறியிருக்கும், குழப்பமில்லா, ஒண்ணும் ஆகாது"ங்கான். அப்பதான் பில்ல நல்லா பாத்தேன், அதுல சாமான் பேர் மியூசிக்கல் டாய்னு போட்டு, சாமான் எந்த வகைன்னு வரிக்கு காட்டுற எச்எஸ்என் கோடு 9503-ன்னு அடிச்சிருக்கான். 9503 பொம்மைக்கு உள்ள கோடு. சாக்ஸ், கிளாரினெட், ட்ரம்பெட் மாதிரி ஊதுற வாத்தியம்னா 9205 வரணும். அதாவது எங்க கிட்ட சாக்ஸ்னு சொல்லி 18,500 வாங்கிட்டு, பேப்பர்ல பொம்மை வித்திருக்கான், நாளைக்கு கேஸ் வந்தா நான் பொம்மைதானே வித்தேன்னு சொல்றதுக்கு. கேட்டதுக்கு, விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாதுன்னு பில்லுக்கு அடியில குத்தியிருந்த சீல விரலால தட்டிக் காட்டுறான்.

அந்த சீலுக்கு பயப்படாதீங்க. 2019-ம் வருஷ நுகர்வோர் சட்டத்துல, குறை உள்ள பொருள பில்லுல சொன்ன காலத்துக்குள்ள, காலம் எதுவும் சொல்லலன்னா 30 நாளுக்குள்ள, திரும்ப எடுத்து பணம் குடுக்க மறுத்தா அதுவே நியாயமில்லாத வியாபாரம்னு எழுதியிருக்கு. பார்டர்ல இருக்கிற நமக்கு முக்கியமானது இன்னொண்ணு. பழைய சட்டத்துல கடை இருக்கிற ஊருக்கு அலையணும், இப்ப நீங்க குடியிருக்கிற ஜில்லா நுகர்வோர் கமிஷன்லயே கம்ப்ளெயின்ட் குடுக்கலாம், கேரளாவுல வாங்குனாலும் நாகர்கோவில்ல குடுக்கலாம். சாமான் விலை 5 லட்சம் வரைக்கும் கம்ப்ளெயின்ட் குடுக்க கட்டணம் கிடையாது. முதல்ல நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணி பதிஞ்சோம், கடைக்கு அங்க இருந்து தகவல் போன பொறவு ஆள் போன் பண்ணி பாதி பணம் தாரேன், கம்ப்ளெயின்ட்ட வாபஸ் வாங்குங்கன்னு பேரம் பேசுனான். அத்தான் முடியாதுன்னுட்டாரு. இப்ப கமிஷன்ல இருக்கு.

இன்னும் பிளாஸ்டிக்தான் வேணும்னு நிக்கிறவங்க கடையில அடம் புடிங்க, எடுத்துட்டுப் போற பீஸையே ஊதிப் பாக்க விடணும், சீல் கீல்னு சொன்னா எறங்கி வந்துருங்க, சொந்த மவுத்பீஸும் சிகரெட் பேப்பரும் பையில இருக்கட்டும். மேல உள்ள சுரம் எல்லா டப்பாவுலயும் வரும், அதக் கேட்டு மயங்காதீங்க, கீழ் சி-யும் பி பிளாட்டும் மெதுவா ஊதுனா வரணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி பில்லுல கம்பெனி பேரும், மாடலும், 9205-ம் போடச் சொல்லுங்க, இத கேட்ட உடனே கடைக்காரன் முகத்தப் பாருங்க, பாதி விஷயம் அங்கயே தெரிஞ்சிரும். இதே காசுக்கு பேண்டு செட்காரங்க விக்கிற வடக்க மீரட்ல செஞ்ச பழைய பித்தளை ஆல்டோ கிடைக்கும், பாக்க நசுங்கி கெடக்கும், சுதியும் கொஞ்சம் முன்னப்பின்ன தான், ஆனா பேடு மாத்துனா வாசிக்கலாம், நம்ம ஆசான்மார் கை வச்சா சரியாகும்.

பையன் இப்ப செட்ல இருந்து வாடகைக்கு எடுத்த பழைய பித்தளை ஆல்டோல வாசிக்கான், கழுத்து வலிக்குதுன்னு புலம்பல் உண்டு, ஸ்ட்ராப்ப மாத்தி தோள்ல மாட்டுற ஹார்னஸ் வாங்கிக் குடுத்திருக்கேன்.

இதே மாதிரி வெள்ளை பெட்டி, கம்பெனி பேர் இல்லாத ஸ்டிக்கர், 9503 பில் யார் கிட்டயாவது இருந்தா பில்ல தூரப் போடாம எனக்கு மெசேஜ் பண்ணுங்க. ஒரே கடையில ஏமாந்தவங்க ரெண்டு மூணு பேர் பில் சேந்தா எங்க கேஸுக்கும் பலம், உங்களுக்கும் தனியா அலைய வேண்டாம், வக்கீல் அதத்தான் கேட்டுகிட்டு இருக்காரு.