மும்பை ஈரத்தில் ஃபேப்ரிக் பெயிண்ட் குயில்ட்: மூன்று மழைக்காலம் தாண்டிய பிறகு

மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்து, பெயிண்ட், ஒட்டுத்துணி, கைத்தையல் எல்லாம் கலந்து 30 செ.மீ. சதுரத்தில் செய்யும் சுவர்க் குயில்ட்கள் பற்றியது இது. செய்து முடித்த வாரத்தில் எல்லாமே அழகுதான். மூன்றாவது ஜூலை வரும்போதுதான் எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று தெரிகிறது. வீணாய்ப்போனவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம், பெயிண்ட் தடிமனாக ஏறியது. மீதிக்கு, அது முழுசாகக் காய்வதற்குள் மெஷினுக்குப் போனது.

துணிக்கு கிராஃபர்ட் மார்க்கெட் பக்கத்து மங்கள்தாஸ் மார்க்கெட் போதும். சுத்தப் பருத்தியில் கேம்ப்ரிக் அல்லது பாப்ளின் கேட்டு வாங்குங்கள். பாலியஸ்டர் கலந்தது வேண்டாம். பெயிண்ட் மேலோடு நின்றுவிடும், சூடான இஸ்திரியையும் தாங்காது. புதுத்துணியில் இருக்கும் கஞ்சி போகச் சோப்புப்பொடி போட்டு வெந்நீரில் அலச வேண்டும். காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் சரி. முத்து மாதிரி நின்றால் இன்னொரு தடவை அலசுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் போட்டால் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது.

பின்னணி நிறத்துக்கு ஒரு பங்கு பெயிண்ட், இரண்டு பங்கு தண்ணீர். 15 மி.லி. பாட்டிலில் பாதி இருந்தால் ஒரு சதுரத்துக்குத் தாராளம். அழுத்தமான நிறம் வேண்டுமென்றால் ஒரே தடவையில் அப்பாமல், ஒன்று காய்ந்தபின் இன்னொன்றாக மெல்லிசாக இரண்டு பூச்சு கொடுங்கள். காய்ந்த துணியை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்தால் துணியாகத் தெரிய வேண்டும். காகிதம் மாதிரி மொடமொடத்தால் அங்கே கை ஊசி இறங்காது. தங்கம், வெள்ளி நிறங்களில் இது அடிக்கடி நடக்கும். அவற்றைத் தையல் முடிந்தபின், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் தொட்டுவைப்பது நல்லது. அந்தக் கட்டத்தில் தண்ணீர் அதிகமானால் நடு அடுக்கு உறிஞ்சி, நிறம் கோடு தாண்டிப் பரவிவிடும்.

இத்தனை உத்திகளிலும் மும்பைக்கு என்றே வாய்த்தது வெயில் அச்சு. துணியை நனைத்து ஒரு பலகையில் நீவி, தண்ணீர் கலந்த, அடித்துணி தெரியும்படியான பெயிண்டைப் பூசி, ஈரம் இருக்கும்போதே மேலே முருங்கை ஈர்க்கையோ கறிவேப்பிலையையோ படுக்க வைத்து மொட்டைமாடியில் வைக்க வேண்டும். திறந்த இடம் முதலில் காயும். காயும்போது இலைக்கு அடியில் இருக்கும் ஈரத்தையும் நிறத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இலையை எடுத்தால் அந்த வடிவம் வெளிர்ந்து தெரியும். இலையின் ஓரம் துணியோடு ஒட்டியிருக்க வேண்டும், தூக்கிக்கொண்டிருந்தால் வடிவம் மங்கும். ஆகவே முதல் நாளே இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்து அழுத்திவிடுங்கள். காற்றடித்தால் குண்டூசி குத்துங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பிரமாதமாக வரும். ஜூலையில் வரவே வராது. எல்லா இடமும் ஒரே மெதுவில் காய்வதால் இலைக்கு அடியிலும் வெளியிலும் ஒரே நிறம்தான் மிஞ்சும். பெயிண்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

கல் உப்புத் தூவிப் புள்ளிப்புள்ளியாக வரவைப்பதும் அழகான உத்தி. ஆனால் இஸ்திரிச் சூட்டில் நிறத்தை நிலைப்படுத்தியபின் உப்பு முழுக்கப் போகும்படி அலச வேண்டும். மிச்சமிருக்கும் உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்து, துணியைப் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும்.

நிலைப்படுத்த, வெயில் மாதங்களில் ஒரு நாளும் மழை மாதங்களில் இரண்டு நாளும் மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, பின்பக்கத்தில் ஆவி இல்லாமல் பருத்திச் சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நாலைந்து நிமிடம் படும்படி பெட்டியை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். அடியில் பேக்கிங் தாள் (கேக் சுடும் தட்டில் விரிக்கும் தாள்) போட்டுக்கொண்டால் மேசைத்துணி தப்பிக்கும்.

நடு அடுக்குக்குத் தடித்த பாலியஸ்டர் வாடிங் (பஞ்சு விரிப்பு) உப்பலாக நின்று, தையல் கோட்டைச் சுற்றிச் சுருக்கம் போடுகிறது. இங்கே மராட்டியப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி ஓடு தையல் போடும் கோதடிதான் சரியான பாடம். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டியை நாலாக மடித்து வையுங்கள். தட்டையாக நிற்கும், ஈரம் ஏறினாலும் சீக்கிரம் காயும், கை ஊசியும் சுலபமாக இறங்கும். தைக்கத் தைக்கத் துணி உள்ளே இழுக்கும். அதனால் மேல்துணியை 34 செ.மீ., அடித்துணியை 38 செ.மீ. என்று வெட்டி, கடைசியில் 30-க்குச் சீர்செய்யுங்கள்.

மெஷினில் 11 நம்பர் ஊசி பெயிண்ட் மேல் தையலை விட்டுவிட்டுப் போகும். 14 நம்பர் போடுங்கள், தையல் நீளம் 3 மி.மீ. வேகமாக ஓட்டினால் ஊசி சூடேறி, பெயிண்ட் பிசின் மாதிரி ஒட்டி, நூல் பிரிந்து அறும். ஊசியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு நிதானமாக ஓட்டினாலே சரியாகிவிடும். பெயிண்ட் மேல் விழுந்த துளை மறையாது என்பதால், பிரித்துத் தைக்கும் எண்ணமிருந்தால் முதலில் ஒரு துண்டுத்துணியில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

எடுத்துவைப்பதில்தான் நல்ல வேலையும் கெடுகிறது. பெயிண்ட் பக்கம் ஒன்றோடொன்று படும்படி அடுக்கினால் புழுக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது நிறம் உரிந்து வரும். பிளாஸ்டிக் பைக்குள் போட்டால் பூசணம். பெயிண்ட் பக்கம் வெளியே இருக்கும்படி அட்டைக் குழாயில் சுற்றி, நடுவே பேக்கிங் தாள் வைத்து, மேலே பழைய பருத்தித்துணி போர்த்தியவை இன்றும் புதுசு மாதிரி இருக்கின்றன. சுவரில் மாட்டுவதற்கு மழை பட்டு ஊறும் வெளிச்சுவர் ஆகாது. உள்சுவரில், பின்னால் ஒரு மரச்சட்டம் கொடுத்து, சுவருக்கும் துணிக்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு மாட்டுங்கள்.