ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க, எனக்கு 27,500 ரூபா போச்சு

டைப் பண்ணும்போதே கை நடுங்குது. இப்பதான் கடைக்காரன்கிட்ட பேசிட்டு ஃபோனை வச்சேன். 27,500 ரூபா கொடுத்து வாங்குன கிராபிக்ஸ் கார்டுல ஏமாந்துட்டேன். கம்ப்ளைண்ட் போடப் போறேன், அதனால கடை பேரை இப்ப எழுத வேணாம்னு தெரிஞ்ச வக்கீல் சொல்லிட்டாரு. டவுன்ல இருக்கிற, பார்ட்ஸ் வித்து அசெம்பிளும் பண்ணிக் கொடுக்கிற கடை, அவ்வளவுதான் சொல்லுவேன்.

நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன். பழைய கார்டு ஜிடிஎக்ஸ் 1060, 6 ஜிபி, பாவம் நல்லாத்தான் உழைச்சுது, ஆனா எல்லாரும் 4கேல ஷூட் பண்ண ஆரம்பிச்சதிலேர்ந்து திணறுது. ஆடில வேலை இருக்காது, ஆவணி முகூர்த்தம் தொடங்குறதுக்குள்ள மாத்திடணும்னு வீட்ல சீட்டு எடுத்த பணத்துல 27,500 ஒதுக்கி வச்சாங்க. ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து 3060-யும் 3060 டிஐ-யும் ஒப்பிட்டுப் பாத்தேன். டிஐ-ல 4864 குடா கோர் (கணக்குப் போடுற சின்னச் சின்ன யூனிட்), 256 பிட் (மெமரிக்குப் போற பாதையோட அகலம்), வேகம் ஜாஸ்தி, ஆனா மெமரி 8 ஜிபிதான். சாதா 3060-ல 3584 கோர், 192 பிட், ஆனா 12 ஜிபி. கேம் ஆடுறவனா இருந்தா யோசிக்காம டிஐ எடுத்திருப்பேன். எனக்கு டாவின்சி ரிசால்வ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர், அதுல 4கே டைம்லைன்ல நாய்ஸ் ரிடக்ஷன் (லைட் கம்மியா எடுத்த வீடியோல வர்ற புள்ளிகளைக் குறைக்கிறது) போட்டா கோர் தீர்றதுக்கு முன்னாடி மெமரி தீந்துடும், அதனால வேகம் கொஞ்சம் போனா போகட்டும், 12 ஜிபிதான் வேணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் கடைக்கே போனேன்.

கடைல ஒரு தம்பி, இருபத்தஞ்சு வயசு இருக்கும், அவ்வளவு மரியாதையா பேசுனான். "அண்ணே எடிட்டிங்குக்குன்னா 3060தான் சரி, டிஐ உங்களுக்கு வேஸ்ட்"னு நான் யோசிச்சு வச்சிருந்ததையே அவன் வாயால சொன்னான். அந்த இடத்துலதான் நான் விழுந்தேன். விஷயம் தெரிஞ்ச பையன்னு நெனச்சுட்டேன். "12 ஜிபிதானே தம்பி?"ன்னு கேட்டேன், "ஆமாண்ணே, 3060ன்னாலே அதான்"னான். டீ வாங்கிக் கொடுத்தாங்க, சிபியுவை உள்ள தூக்கிட்டுப் போய் ஃப்ரீயா மாட்டிக் கொடுத்தாங்க. பாக்ஸ் எங்கன்னு கேட்டதுக்கு "வாரண்டி க்ளைமுக்கு நாங்களே பத்திரமா வச்சிருப்போம்ணே, நீங்க தொலைச்சிடுவீங்க"ன்னு சிரிச்சான். நானும் சரின்னுட்டேன். பில்லுல "ஆர்டிஎக்ஸ் 3060 ஓசி"ன்னு மட்டும் இருந்துச்சு (ஓசின்னா வேகம் கொஞ்சம் கூட்டி விட்ட கார்டு), எத்தனை ஜிபின்னு இல்ல. கண்ணு முன்னாடி இருந்தும் நான் பாக்கல.

பதினோரு நாள் கழிச்சு ஒரு ரிசப்ஷன் வீடியோ, மண்டபத்துல லைட் மோசம், நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு ரெண்டர் விட்டேன். பாதில நின்னு, ஜிபியு மெமரி ஃபுல்னு வருது. முதல்ல டிரைவர்னு நெனச்சு அழிச்சுட்டு மறுபடி போட்டேன், அப்பவும் அதே. சந்தேகப்பட்டு ஜிபியு-இசட்னு கார்டு விவரம் காட்டுற சாஃப்ட்வேரை இறக்கிப் பாத்தா மெமரி 8192 எம்பி, பஸ் 128 பிட், பேண்ட்வித் (நொடிக்கு எவ்வளவு டேட்டா போகும்ங்கிறது) 240 ஜிபி. வயித்தைக் கலக்கிடுச்சு.

விஷயம் என்னன்னா 3060-ங்கிற ஒரே பேர்ல ரெண்டு கார்டு இருக்கு. 2021 பிப்ரவரில வந்தது 12 ஜிபி. 2022 கடைசில 8 ஜிபின்னு இன்னொன்னு வந்துச்சு. ரெண்டுலயும் அதே 3584 கோர், அதனால "ஒண்ணுதான் சார்"னு யார் வேணா வாய் கூசாம சொல்லிடலாம். ஆனா உள்ள 12 ஜிபில ஆறு மெமரி சிப், ஒவ்வொண்ணும் 2 ஜிபி, 32 பிட், ஆக 192 பிட். 8 ஜிபில நாலே சிப், அதனால 128 பிட். அதாவது இடம் மட்டும் குறையல, பாதையும் குறுகிப் போச்சு. பேண்ட்வித் நொடிக்கு 360 ஜிபி வர வேண்டியது 240, மூணுல ஒரு பங்கு காணோம். அவ்வளவு கோர் இருந்தும் டேட்டா வந்து சேரலைன்னா சும்மாதான் நிக்கும், கேம் ஆடுறவங்களுக்கும் இதுல அடி உண்டு, எனக்கு மட்டும்னு நெனைக்காதீங்க.

மறுநாளே கடைக்குப் போனேன். அந்தத் தம்பி என் மூஞ்சியவே பாக்கல. ஓனர் வந்து "சார், 3060 டிஐயே 8 ஜிபிதான், தெரியுமா?"ன்னு என்னையே கேக்குறாரு. டிஐ-க்கு 256 பிட் சார், 448 பேண்ட்வித், அதையும் இதையும் எப்படிச் சேத்துப் பேசுறீங்கன்னேன். "அதெல்லாம் நெட்ல எழுதுறது"ன்னுட்டாரு. பாக்ஸைக் கொடுங்கன்னா குடோன்ல இருக்காம். ரெண்டாவது தடவை ஃபோன் பண்ணா பில்லுல 12 ஜிபின்னு போட்டிருக்கான்னு கேக்குறாரு. இன்னைக்கு, "யூஸ் பண்ண கார்டு சார், வேணும்னா 15,000 தரேன், வச்சிட்டுப் போங்க"ங்கிறாரு. 27,500 கொடுத்து ரெண்டு வாரம் ஆகல! அந்தக் கார்டை மறுபடி யாருக்கு 12 ஜிபின்னு சொல்லி விப்பாங்கன்னு நெனச்சாலே எரியுது. சீட்டுப் பணம்ங்க அது. மாசா மாசம் எங்கம்மா கட்டுனது. வீட்ல இன்னும் முழுசா சொல்லல.

வாங்கும்போது என்னென்ன பாக்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப இருக்கிற மனசுக்கு இவ்வளவுதான் வருது:

பில்லுல ஜிபி, முழு மாடல் நம்பர், சீரியல் நம்பர் மூணும் எழுத வைங்க. எழுத மாட்டேன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

பாக்ஸை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, கையோட வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க.

பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி கடைலயே ஜிபியு-இசட் போட்டுக் காட்டச் சொல்லுங்க. 12 ஜிபி 3060ன்னா 192 பிட், 12288 எம்பி இருக்கணும். பழசு வாங்குறவங்க கட்டாயம் பாருங்க, பழைய கார்டுல பயாஸை (கார்டுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேர்) மாத்தி புதுக் கார்டு பேர்ல விக்கிறதும் நடக்குது, பல நேரம் ஜிபியு-இசட் அதை போலின்னே காட்டிக் கொடுத்துடும்.

ஏமாந்துட்டா 1915-க்கு அடிங்க, நுகர்வோர் ஹெல்ப்லைன். நுகர்வோர் கோர்ட்ல 5 லட்சம் வரைக்கும் கேஸ் போட ஃபீஸ் கிடையாதுன்னு வக்கீல் சொன்னாரு. நான் நாளைக்குக் காலைல ஜிபியு-இசட் ஸ்கிரீன்ஷாட், பில், பணம் போன யுபிஐ ரசீது எல்லாம் பிரிண்ட் எடுக்கப் போறேன்.

வெள்ளிக்கிழமை அந்த ரிசப்ஷன் வீடியோ கொடுத்தாகணும். டைம்லைனைத் துண்டு துண்டா வெட்டி ரெண்டர் விட்டிருக்கேன், மூணாவது துண்டு ஓடிட்டிருக்கு.