அரைப்பா, தண்ணீரா, அலசலா: மாஷில் சீனி குறைந்தால் எதை முதலில் திருத்துவது?

ரொறன்ரோவில் வீட்டிலேயே பியர் வடிக்கும் என் மச்சான், விடுமுறைக்கு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலுக்கு வந்தபோது ஐந்து கிலோ மால்ட்டையும் (முளைக்கவிட்டு உலர்த்திய வாற்கோதுமை) கையால் சுற்றும் உருளை அரைப்பான் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அனுமதிப்பத்திரமின்றி மது வடிப்பதை 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இங்கே தடுப்பதால், மாஷ், அதாவது அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்த கூழ், வடித்த இனிப்புச் சாற்றோடு நிறுத்திக்கொண்டோம். அந்தச் சாறும் ஐஸ் போட்டுப் பிள்ளைகள் குடித்ததில் முடிந்தது. அங்கே மால்ட் தரக்கூடிய சீனியில் வழக்கமாக 75 வீதம் எடுப்பவருக்கு எங்கள் கிணற்றுத் தண்ணீரில் 58 வீதத்தைத் தாண்ட முடியவில்லை.

கணக்கு எளியது. நல்ல வெளிர் மால்ட் ஒரு கிலோ, முழுச் சீனியையும் விட்டால் ஏறத்தாழ 300 புள்ளி-லீற்றர் தரும் (தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால், சாற்றில் அது 0.001 கூடுவது ஒரு புள்ளி; புள்ளியைச் சாற்றின் லீற்றரால் பெருக்கினால் புள்ளி-லீற்றர்). நாங்கள் சோதனைக்கு எடுத்த அரைக் கிலோவிலிருந்து 2.3 லீற்றர் சாறு வந்தால் உச்ச அளவு 1.065, எங்களுக்குக் கிடைத்ததோ 1.038. அதுவும் வெப்பத்தைத் திருத்திய பிறகு. 20 பாகைக்கு அளவிடப்பட்ட ஐதரோமீற்றர் (அடர்த்திமானி), யாழ்ப்பாணத்து 30 பாகையில் இரண்டு மூன்று புள்ளி குறைத்தே காட்டும். இதைக் கவனியாமல் அரைப்பானோடு மல்லுக்கு நிற்பவர்கள் உண்டு.

பெரும்பாலோர் முதலில் கைவைப்பது அரைப்பில்தான், அதில் நியாயமும் இருக்கிறது. பிளவுபடாத மணிக்குள் தண்ணீர் போகாது. தெளிந்த சாற்றை மட்டும் அயடீனால் சோதித்து ஏமாறக்கூடாது. மாஷிலிருந்து இரண்டு குறுநொய்யை எடுத்து, வெள்ளைப் பீங்கானில் கரண்டியின் பின்புறத்தால் நசுக்கி ஒரு துளி விட்டபோது, சாறு மஞ்சளாகவே நிற்க, நொய்யின் நடு கருநீலமாகியது. சீனியாக மாறாத மாப்பொருள் உள்ளேயே கிடந்தது. உருளைகளின் இடைவெளியை 1.2 மில்லிமீற்றரிலிருந்து 0.9க்கு இறக்கியதும் 1.041 வந்தது. இன்னும் நைசாக்கலாமென்று அரைக் கிலோவை மிளகாய்த்தூள் அரைக்கும் மில்லுக்கு அனுப்பியது எங்கள் மடமை: உமி பொடியாகி, மாஷ் களியாக இறுகி, குழாயில் சொட்டும் விழவில்லை, போதாக்குறைக்கு உறைப்பு மணம் வேறு. நைசாக அரைத்தே தீருவதென்றால், நெல்மில்லில் கிடைக்கும் உமியைக் கழுவி ஒரு பிடி சேர்ப்பது வழியை விடும்; அதனால் சீனி கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது.

ஆனால் யாழ்ப்பாணத்தில் என் தீர்ப்புத் தண்ணீருக்கே முதலிடம் தருகிறது. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறிவரும் எங்கள் கிணற்று நீரில் இருகாபனேற்று நிறைந்திருக்கிறது. கேத்திலின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கு அதற்குச் சாட்சி. அது மாஷின் அமிலத்தன்மையை விழுங்கிவிடுவதால் பி.எச். 6ஐத் தொடுகிறது, சீனியாக்கும் நொதியங்களோ 5.2க்கும் 5.6க்கும் இடையில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். தண்ணீரைக் கொதிக்கவைத்து, இரவு முழுவதும் ஆறவிட்டு, படிந்த கல்சியம் காபனேற்றைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வார்த்தெடுத்தபோது பி.எச். 5.7க்கு இறங்கியது, சில துளி தேசிக்காய்ச் சாறு 5.4க்குக் கொண்டுவந்தது. அரைப்பைப் பழைய 1.2இலேயே விட்டும் அளவு 1.045 ஆயிற்று. தேசிக்காய் அவசரத்துக்குத்தான், கூடினால் சுவையில் தெரியும், லக்ரிக் அமிலமே நல்லது. கிணற்று நீரோடு பாதிக்குப் பாதி மழைநீர் கலப்பது இன்னும் சுலபம். முழுவதும் மழைநீராகவே எடுத்தால் நொதியங்களுக்கு வேண்டிய கல்சியம் இல்லாமற் போகும்.

அலசல், அதாவது வடித்த மால்ட்டில் மிஞ்சிய சீனியை வெந்நீர் ஊற்றிக் கழுவி எடுப்பது பற்றியும், மாஷ் ஊறும் நேரம் பற்றியும் அதிகம் சொல்வதற்கில்லை. ஒரு மணித்தியாலத்தை ஒன்றரையாக்கியதில் ஒரு புள்ளிகூட முழுதாக ஏறவில்லை. பானையின் அடியில் தேங்கும் சாறு கணிசமாக இருந்தால், அலசும் நீரை இரண்டாகப் பிரித்து ஊற்றுவது பயன் தரும். அதற்காக 77 பாகைக்கு மேற்பட்ட நீரால், திருத்தாத கிணற்று நீரால் அதிலும் மோசமாக, உமியைக் கழுவினால் துவர்ப்புத்தான் இறங்கும்.

திருத்திய தண்ணீரும் 0.9 அரைப்பும் சேர்ந்தபோது 1.049 வந்தது; அதுவே மச்சானின் ரொறன்ரோ அளவு. ஆயினும் இந்தக் கொதிப்பு வைத்தியம் கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணறுகளுக்கு உதவாது. கொதிக்கக் கொதிக்க உப்புச் செறியுமே தவிரப் படியாது. அங்கே இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாரியில் கூரை நீரைப் பீப்பாயில் பிடித்து மூடிவைத்து, அதில் சிறிது கல்சியம் குளோரைட் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.