2012-லிருந்து இன்வெர்ட்டரோடு: ஒரு தையல்கடைக்காரனின் கணக்கு

2012-இல் தமிழ்நாட்டில் கரண்ட் கட் ஒரு நாளைக்குச் சென்னைக்கு 2 மணி நேரம், மதுரைக்காரனுக்கு 12 மணி நேரத்துக்கும் மேல். மதுரை செல்லூரில் மூன்று தையல் மெஷினும், துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெஷினும் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தேன். ஆடியில் காற்றாலை ஓடியதால் ஓரளவு தப்பித்தோம். காற்று விழுந்த ஐப்பசியில் கட் உச்சத்துக்குப் போனது, தீபாவளித் துணி வந்து குவிந்ததும் அப்போதுதான். கடன் வாங்கி 850 விஏ (வோல்ட்-ஆம்பியர்) இன்வெர்ட்டரும் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியும் மாட்டினேன்.

ஒரு கிளட்ச் மோட்டார் ஓடும், இரண்டாவதை மிதித்தால் இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு ட்ரிப் ஆகும். அயர்ன் பாக்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பரணிலிருந்து கரிப்பெட்டியை இறக்கினோம்.

சரி, கணக்குக்கு வருவோம். 12 வோல்ட்டை 150 ஏஹெச்சால் பெருக்கினால் 1,800 வாட்-மணி, அதாவது காகிதத்தில் 1.8 யூனிட். பேட்டரி சாகாமல் இருக்க வேண்டும் என்றால் அதில் பாதிதான் எடுக்கலாம். ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட் என்று ஓடிய நாட்களில் அது ஒருமுறைகூட நிறையவில்லை. அரைகுறை சார்ஜிலேயே கிடந்து, தகட்டில் சல்பேட் படிந்து, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி ஊற்றிப் பார்த்தும் இரண்டரை வருடத்தில் போய்விட்டது. மொத்தம் 900 யூனிட் கொடுத்திருந்தாலே பெரிது. பேட்டரி விலை 12,000, ஆக யூனிட்டுக்கு 13 ரூபாய், அதுவும் சார்ஜ் ஏற்றிய கரண்டைச் சேர்க்காமல். 10 யூனிட் உள்ளே போனால் 7 தான் திரும்பி வரும். கரண்ட் வந்ததும் தெருவிலுள்ள அத்தனை இன்வெர்ட்டரும் ஒன்றாக இழுக்க, வோல்டேஜ் விழுந்து டியூப் லைட் சிமிட்டும். பற்றாக்குறைக்கு நாங்கள் வாங்கிய மருந்தே பற்றாக்குறையைக் கூட்டியது!

பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றையும் ஓட்டிப் பார்த்தேன். மணிக்கு அரை லிட்டர் குடிக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம் அது கட்டுபடியாகும், ஏனென்றால் அன்றைக்குத் தராத ஜாக்கெட்டுக்கு மறுநாள் கூலி கிடையாது. கார்த்திகையில் அதே ஜெனரேட்டரை ஓட்டுவது வீண் செலவு.

கைக்காசு போடாமல் பலன் தந்தது வேலையை மாற்றிப் போட்டதுதான். கரண்ட் இருக்கும்போது ஓவர்லாக்கும் அயர்னும், போனதும் கட்டிங், ஹெம்மிங், கொக்கி, பட்டன். இரண்டு மெஷினை மறுபடி கால்மிதி ஸ்டாண்டில் ஏற்றினேன், வயசான தையல்காரருக்கு அதுதான் பழக்கமும்கூட. கட் நேரத்தைச் சாக்பீஸால் சுவரில் எழுதி வைப்போம். சொன்ன நேரத்தில் போனால் சமாளித்துவிடலாம், சொல்லாமல் போகும் பத்து நிமிடம்தான் ஆளைக் கொல்லும்.

இப்போது கரண்ட் குறைவாக இழுக்கும் சர்வோ மோட்டார் போட்டாயிற்று, அதே இன்வெர்ட்டரில் மூன்று மெஷினும் ஓடுகின்றன. இரண்டாவது பேட்டரி ஆறு வருடம் உழைத்தது, கட் குறைந்ததுதான் காரணம், பிராண்ட் இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணன் மத்திய அரசின் 78,000 ரூபாய் மானியத்தோடு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டார். பில் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் அது ஆன்-கிரிட், பேட்டரி இல்லாமல் லைனோடு சேர்ந்தே ஓடும் வகை. லைனில் கரண்ட் போனால், கம்பத்தில் ஏறும் ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அதுவும் தானாக நின்றுவிடும். மாதாந்திர ஷட்டவுன் அன்று, உச்சி வெயிலில், போனுக்குச் சார்ஜ் போட என் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.